சத்து யாருக்கு

அம்சா கொண்டுவந்த பாட்டிலின் மூடியைத் திறந்ததும் நீ வந்துவிட்டாய். இறந்துபோனவர்களை நினைவூட்ட மற்றவர்களுக்கு மல்லிகையும் ஊதுவத்தியும் கிடைக்கின்றன. எனக்குக் கிடைத்தது கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டியின் கழிவு. திரிந்த பாலும் துருப்பிடித்த இரும்பும் கலந்தது போல, மூக்கோடு நிற்காமல் தொண்டைவரை இறங்கும் வாடை. சென்னையில் அந்த ஆய்வுக்கூடத்தில் நம் இளமை முழுவதும் இந்த வாடையில்தான் கழிந்தது. சட்டையைத் துவைத்தாலும் போகாது. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்து எழுந்து போனால், "ஜன்னல் சீட்டு கெடச்சிதுடா" என்று நகர்ந்து உட்காருவாய்.

நான் இப்போது வேலை செய்யும் இடத்தை நீ பார்த்ததில்லை. விழுப்புரத்தில், ரயில் சந்திப்புக்குப் போகும் வழியில், ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருக்கும் பரிசோதனைக்கூடம். சர்க்கரை, உப்பு, சிறுநீர், மலம். வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் எரிச்சலை வாங்கிக்கொள்வதற்காகவே ஒரு முனைவர் பட்டக்காரனை வைத்திருக்கிறார் எங்கள் முதலாளி. உன் மனைவி அம்சா திண்டிவனத்திலிருந்து பேருந்து பிடித்து வந்து, அந்த வரிசையில் நின்று, முறை வந்ததும் மஞ்சள் பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"யாருதும்மா?" என்றார் முதலாளி.

"குட்டியிதுங்க."

"கொழந்தைக்கு இன்னா வயசு?"

"ஆட்டுக்குட்டிங்க."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏம்மா, இது மனுசங்க லேபு. இன்னைக்கு ஆட்டுப் பீயைக் கொண்டாந்தே, நாளைக்கு எருமையை இட்டுக்கினு வந்து ஸ்கேன் எடுன்னுவே போல" என்றார் அவர். அம்சா அவரைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணா, குட்டிங்க ஒண்ணொண்ணா செத்துக்கினே வருது. அவரு இருந்தா அவரே பாத்திருப்பாரு."

உன் காரியத்துக்கு நான் வரவில்லை. தை மாதம் செய்தி வந்தது. ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான், மாரடைப்பு என்றார்கள். சட்டையை எடுத்து மாட்டினேன். பிறகு கழற்றி ஆணியில் தொங்கவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாம் இருவரும் சேர்ந்து செய்த வேலையை நம்முடைய வழிகாட்டிப் பேராசிரியர் தன் செல்லப்பிள்ளையின் பெயரில் வெளியிட்டார். அந்தச் செல்லப்பிள்ளை அதைக் காட்டிக் கடல் கடந்து போனான். நான் புகார் கொடுத்தேன். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். எந்தக் குட்டிக்கு எதைக் கொடுத்தோம், எதை யார் பார்த்துச் சொன்னோம் என்று என்னைத் தவிரத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். அன்று காலை விடுதி அறையில் நீ பையைக் கட்டிக்கொண்டிருந்தாய்.

"ஊருக்குப் போறேன்டா. ஆடு ஈனப் போவுது. தலைச்சன் ஈத்து. அண்ணன் பாத்துக்க மாட்டான்."

"இன்னைக்கு விசாரணைடா."

"தெரியும். நீ சொல்லு, நீ நல்லா பேசுவே."

நன்றாகத்தான் பேசினேன். சாட்சி இல்லாமல் நன்றாகப் பேசுகிறவனுக்குப் பிரச்சினைக்காரன் என்று பெயர். அந்தப் பெயர் நான் வேலை கேட்டுப் போன ஒவ்வொரு ஊருக்கும் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. நீ திரும்பி வரவேயில்லை. பட்டமும் வேண்டாம் என்று பெருமுக்கல் பக்கத்தில் உன் அண்ணன் நிலத்தில் கொட்டகை போட்டு ஆடு வளர்த்தாய். அதற்கப்புறம் திண்டிவனம் பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒரே ஒரு தடவை எதிர்ப்பட்டோம். "இன்னும் கோவமா?" என்றாய். ஆமாம் என்றேன். "இவ்ளோ நாளா உள்ளுக்குள்ள வீங்கிக்கினே கீறியே, அந்த வீக்கத்துல யார்ரா உக்காந்து சாப்டறான்?" என்றாய். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்வியின் அர்த்தம் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்பதுதான் இன்னும் எரிந்தது.

ஏனென்றால் அதுதான் நம் வேலை. குடலில் நோய் வந்தால் அங்கே இருக்கும் சாப்பாட்டை யார் சாப்பிடுகிறார்கள்? நோயில்லாத குடலில் பிராணவாயு அநேகமாகக் கிடையாது. அது இல்லாமல் வாழப் பழகிய கிருமிகள்தான் அங்கே நிரந்தரக் குடித்தனம். அவை நார்ப்பொருளைத் தின்று, மிச்சத்தைக் குடலின் சுவருக்கே உணவாகக் கொடுத்துவிடுகின்றன. புதிதாக வரும் நோய்க்கிருமிக்கு அந்தப் பந்தியில் இலை போட மாட்டார்கள். ஆகவே அது சுவரைக் குத்திக் கோபமூட்டுகிறது. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள வீங்குகிறது, எரிகிறது, காரமான பொருட்களைக் கொட்டுகிறது. பிராணவாயுவும் கசிகிறது. அதில் குடித்தனக்காரர்கள் சாகிறார்கள். வந்தவனோ அந்தக் காரத்தையே மூச்சாக இழுத்துக்கொண்டு, மற்றவர்கள் தொட முடியாத மிச்சங்களைத் தின்று பெருகுகிறான். எதிரியை விரட்ட மூட்டிய தீயில் எதிரி சமைக்கிறான். மாதக்கணக்கில் படித்து நான் இப்படி எழுதிக் காட்டியபோது நீ விடுதிச் சாப்பாட்டை வைத்து ஒரே வரியில் முடித்தாய். "மெஸ்ஸுக்குத் தீ வச்சிட்டு, எல்லாரும் ஓடனதும் உள்ள குந்திக்கினு துன்றவன்டா இவன்."

இன்னொன்றும் சொல்வாய். ஊரில் எல்லாரும் சத்து, சத்து என்பார்களே, சத்துமாவு, சத்து டானிக், சத்து ஊசி, அந்தச் சொல்லைக் கேட்டாலே உனக்குப் பிடிக்காது. விளம்பரப் பலகையைப் பார்த்து, "சத்து சரி, யாருக்கு?" என்று கேட்டுவிட்டு நடப்பாய். கூட வருகிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

அம்சா கொண்டுவந்ததை முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் பார்த்தேன். புழு முட்டை இல்லை. சீழும் ரத்தமும், சுவரிலிருந்து வழித்தெடுத்தது போன்ற சளியும். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, திண்டிவனம் போய், ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு உன் ஊருக்கு வந்தேன். உன்னை அடக்கம் செய்த இடத்தைக் காட்டுகிறேன் என்றாள் அம்சா. முதலில் குட்டிகளைப் பார்க்கலாம் என்றேன்.

குட்டிகள் கடலை பறித்த மல்லாட்டைக் கொடியின் மேல் கிடந்தன. கண்கள் உள்ளே போயிருந்தன. பின்னங்கால்களில் எல்லாம் பச்சையும் சிவப்புமாக ஒட்டிக் காய்ந்திருந்தது. வாயைச் சுற்றியும் சிவப்பு. வாயில் எப்படி ரத்தம் என்று பதறி, விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். இனிப்பு வாடை.

"இது இன்னாம்மா?"

"சத்து டானிக்குண்ணா. கண்ணு ரெப்பைய பிரிச்சிப் பாத்தா வெள்ளையா கீதுன்னு கடையில சொன்னேன். ரத்தமே இல்ல, இரும்புச் சத்து குடுன்னாங்க. வேளா வேளைக்கி ஊத்தறேன்."

"பாலு?"

"பாலு குடுத்தா இன்னும் பீச்சும்னு மாமா, அதான் அவரு அண்ணன், நிறுத்தச் சொல்லிட்டாரு. தாயிங்கள அந்தாண்ட கட்டிட்டோம்."

அந்தாண்டை கட்டியிருந்த தாய் ஆடுகள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன. இந்தாண்டை குட்டிகளுக்குப் பதில் குரல் கொடுக்கவும் தெம்பில்லை. உன் வீட்டில். உன் சொந்தக் கொட்டகையில். காய்ச்சல் கண்ட உடம்பு தன் இரும்பை எடுத்து ஒளித்துவைக்கும், நோய்க்கிருமியாக வந்தவன் கையில் அது சிக்கக்கூடாது என்பதற்காக. அந்த ஒளித்துவைத்தலும் சேர்ந்துதான் இமையின் வெளுப்பு. அம்சா அன்பாக, வேளை தவறாமல், அவன் தேடிய இரும்பை அவன் வாயில் ஊற்றியிருக்கிறாள். குட்டிக்குப் போகவேண்டிய பாலை நிறுத்தியிருக்கிறாள். சத்து யாருக்கு என்று கேட்கக் கொட்டகையில் ஆள் இல்லை.

"இதெல்லாம் அவன் உன்கிட்ட சொன்னதே இல்லியா?"

"அவரு இருக்கும்போது எதுனா ஒண்ணு சுருண்டுகினா அவரே மடியில போட்டுக்கினு உக்காந்துடுவாரு. என்னைக் கிட்டவே வுடமாட்டாரு. நீ சோறாக்கு போம்பாரு."

கேட்டாயா? அன்றைக்கு எனக்கு வேண்டிய வார்த்தையையும் நீ வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாய், இவளுக்கு வேண்டியதையும் கொண்டுபோய்விட்டாய். உன்னைத் திட்ட வேண்டும் என்றால் எங்கே பார்த்துத் திட்டுவது? தென்னைமரத்தைப் பார்த்துத் திட்டினேன்.

உன் அண்ணன் வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க இன்னா, மாட்டு டாக்டரா?"

"இல்லிங்க. ஆனா இதைத்தான் படிச்சேன்."

"எதை?"

"குடல்ல இருக்கற கிருமி எதைத் துன்னுதுன்னு."

"அது இன்னாத்த துன்னா நமக்கு இன்னாங்க? இதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு காலேஜு! எங்க தம்பியும் இதைத்தான் படிச்சிட்டு வந்து ஆடு மேச்சான்." பிறகு அம்சாவிடம் திரும்பினார். "டாக்டரு வந்து ஊசி போட்டாரு, நிக்கல. புதங்கிழமை யாவாரி வர்றான். குட்டிங்க எழுந்து நின்னா சரி. இல்லன்னா தாயிங்களையும் ஓட்டி வுட்டுடலாம். எதுக்கு இந்தப் பேஜாரு? நீயும் ஓமந்தூருல உங்க அம்மா வூட்டாண்ட போயி கொஞ்ச நாளு இரு."

கொஞ்ச நாள் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிலம் அண்ணன் பெயரில். உங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அவள் நிற்பதற்கு இருந்த ஒரே காரணம் அந்தக் கொட்டகைதான். ஆடு போனால் அவள் போகவேண்டும். உன் அண்ணன் கெட்டவர் இல்லை. கணக்காக ஒரு வீட்டைக் காலி செய்கிறவர், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களை நான் பல்கலைக்கழகத்திலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

டானிக்கைக் கொட்டச் சொன்னேன். தாய்களை அவிழ்த்துவிட்டோம். முதலில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். இடைவெளி விட்டு, பால் தனியாக. தாயின் காம்பைப் பிடிக்கத் தெரிந்த குட்டிகளைத் தாயிடமே விட்டோம். முடியாதவற்றுக்குக் கறந்து ஊற்றினோம். அம்சா குட்டியின் வாயைப் பிரிப்பாள், நான் ஊற்றுவேன். ஜல்தி ஜல்தி என்பாள். மெதுவாக, புரையேறிவிடும் என்பேன். ஊற்றியது பின்னால் வந்துகொண்டே இருந்தது. உன் அண்ணன் வேலியோரம் நின்று, "பாருங்க, பீச்சுது பாருங்க, நான் சொல்லல?" என்றார். குட்டி இழப்பது தண்ணீரும் உப்பும், பாலை நிறுத்தினால் அது பட்டினியாலும் சேர்த்துச் சாகும் என்று விளக்கினேன். நான் நன்றாகப் பேசுகிறவன் ஆயிற்றே.

அன்று சாயங்காலத்துக்குள் நெற்றியில் சுட்டி உள்ள கிடாய்க்குட்டி செத்தது. மறுநாள் காலையில் இரட்டையில் ஒன்று. பிறகு அதன் ஜோடி. பால் குடித்த குட்டியும் செத்தது, குடிக்காததும் செத்தது. நம் ஆய்வுக்கூடத்தில் குட்டி செத்தால் அதற்கு ஒரு எண் இருக்கும், அந்த எண்ணுக்கு எதிரே எழுதிவிட்டுக் கை கழுவலாம். இங்கே அம்சா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு போனாள். என் படிப்பு முழுவதையும் அந்தக் கொட்டகையில் கொட்டிவிட்டேன். போதவில்லை. உனக்குத் தெரிந்தது வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். மடியில் போட்டுக்கொண்டு என்னதான் செய்தாய்? எதைக் கொடுத்தாய்? எவ்வளவு சூட்டில் கொடுத்தாய்? எப்போது நிறுத்தினாய்? சொல்லேன்டா. இப்போதாவது ஒரு தடவை வந்து சொல்லேன்.

நாம் இருவரும் பார்த்து வாயடைத்துப்போன ஒரு விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கும். எலிகளில் கண்டதாக எங்கிருந்தோ ஒரு கட்டுரை வந்தது. நோயில் கிடக்கும் உடம்பு, தானே சாப்பிடாமல் கிடக்கும்போது, தன் குடல் சுவரின்மேல் ஒரு வகைச் சர்க்கரையைப் பூசிவைக்கிறது. குடியிருக்கும் கிருமிகள் பட்டினி கிடக்கக்கூடாது என்று. அவை இருந்தால்தான் வந்தவன் பரவமாட்டான், அதனால் என்று நான் காரணம் சொன்னேன். நீ காரணத்தைக் காதில் வாங்கவில்லை. "தனக்கு இல்லாதப்பவும் போடுது பாருடா" என்றாய், தாளைப் பார்த்தபடி. இரட்டையில் ஒன்றின் உயிர் என் கையில் போய்க்கொண்டிருந்தபோது அதன் வயிற்றில் கை வைத்திருந்தேன். இந்த நேரத்திலும் உள்ளே யாருக்கோ பரிமாறிக்கொண்டிருக்கிறதா என்று நினைத்தேன். அழுகை வந்தது. உனக்காக வராத அழுகை.

செவ்வாய்க்கிழமை உன் அண்ணன் நேராகவே சொன்னார். "நீங்க வந்து பாலு குடுத்தீங்க, அதுலதான் போச்சு." அம்சா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. இருக்காதா?

"அண்ணா, உண்மையச் சொல்லுங்க. அவரு இருந்தா இதைத்தான் பண்ணியிருப்பாரா?"

உனக்காக நான் வாய் திறந்து பேச வேண்டிய இடம் அது. பேசாமல் கிளம்பி பஸ் ஏறியிருக்கலாம். ஊரில் எனக்கு வேலை இருக்கிறது, போகிறேன் என்று உன்னைப் போலவே சொல்லியிருக்கலாம். உனக்கும் அதுதான் பொருத்தம்.

"இதைத்தான் பண்ணியிருப்பான்" என்றேன். "பாலை நிறுத்துனா முதல்ல அவன்தான் சண்டைக்கு வருவான். நாங்க ரெண்டு பேரும் சேந்து பாத்த வேலை இது. அவன் கண்ணால பாத்தது. நான் சாட்சி."

உன் அண்ணன் சிரித்தார். "செத்தவனுக்கு இன்னாங்க சாட்சி?" என்றார். அம்சா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கறக்க உட்கார்ந்தாள்.

புதன்கிழமை வியாபாரி சின்ன யானை சரக்கு வண்டியோடு வந்தார். குட்டிகள் நிற்கவில்லை. நிற்க மிச்சம் இருந்ததே ஒன்றுதான், கறுப்புப் பெட்டைக்குட்டி. அதுவும் கிடந்தது. தாய் ஆடுகளை ஒவ்வொன்றாக முதுகில் அழுத்திப் பார்த்து வண்டியில் ஏற்றினார்கள். நீ வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து ஈன வைத்த வர்க்கம். ஒரு ஆடு ஏறும்போது கால் இடறியது. உன் அண்ணன், "பாத்து, பாத்து" என்றார். அவருக்கும் ஏதோ செய்திருக்க வேண்டும்.

கடைசியாகக் கறுப்புக் குட்டியின் தாய். வியாபாரி கயிற்றைப் பிடித்தபோது இன்னொரு முனையை அம்சா பிடித்துக்கொண்டாள்.

"இதை வுட்டுட்டுப் போங்க."

"இன்னாம்மா, மடி இப்பவே வத்திப்போச்சு. குட்டி பொழுதுக்குள்ள போயிடும். அதுக்கு ஒரு தாயா?"

"போவட்டும். போறவரிக்கும் அதும் ஆத்தா அதுகிட்ட இருக்கட்டும்."

"பெரியவரே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் வியாபாரி.

உன் அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுதானே, வுடுப்பா" என்றார். வண்டி போய்விட்டது. அவ்வளவு பெரிய கொட்டகையில் ஒரு ஆடும், ஒரு குட்டியும், அவளும், நானும். அம்சா ஓமந்தூர் போவது இன்னும் முடிவாகவில்லை. குட்டி என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று உன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு குட்டியின் வயிற்றை நம்பி ஒரு பெண்ணின் இருப்பு.

கிளம்புவதற்கு முன் குட்டியின் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். வாய் குளிர்ந்துவிட்டால் முடிந்தது என்று நாம் பார்ப்போமே, அதற்காக. குளிர்ச்சியாகத்தான் இருந்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது நாக்கு அசைந்தது. விரலை மேலண்ணத்தோடு சேர்த்து ஒரு தடவை இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. அந்த இழுப்பு அவ்வளவு மெலிதாக இருந்தது, நானே கற்பனை செய்கிறேனோ என்று அம்சாவின் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் வைத்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவள் காம்பைப் பிழிந்து அதன் உதட்டில் தடவ ஆரம்பித்தாள். நான் ஷேர் ஆட்டோவுக்கு நடந்தேன்.

இன்று விழுப்புரத்தில் வேலைக்கு வந்துவிட்டேன். முதலாளி, "ஆடு டாக்டரு வந்துட்டாரு" என்றார். அம்சாவிடமிருந்து போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. பண்ணினால் ஏதாவது ஒன்று தெரிந்துவிடும். உன் மேல் உள்ள கோபம் குறையவில்லை, குறைந்தது என்று எழுதினால் அது பொய். நாலு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டேன். ஊசி பிடிக்கும்போதும், கண்ணாடித் தட்டை நகர்த்தும்போதும், வலது கை ஆட்காட்டி விரலின் நுனியை எதுவோ இழுத்துக்கொண்டே இருக்கிறது. விட மாட்டேன் என்கிறது.